யந்திரத்தின் பாஷையில் தம்புரா

அரியலூரிலிருந்து தெற்கே இறங்கி, திருமானூரையும் கொள்ளிடத்தையும் தாண்டித் திருவையாற்றுக்கும் தஞ்சைக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், பழுவேட்டரையர் என்னும் சிற்றரசர்களின் பெயரால் சரித்திரத்தில் நிலைபெற்றதும், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஆலந்துறையார் கோயிலைத் தன்னிடத்தே உடையதுமான கீழப்பழுவூர், சங்கீதத்துக்கு அந்நியமான ஊர் அன்று. அதே சாலையின் வழியே சிறிது தூரம் போனால், தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதியில் ஆண்டுதோறும் வித்வான்கள் கூடி ஆராதனை நடத்தும் காவிரிக் கரையை அடையலாம். ஆயினும் இங்கே நான் பேச எடுத்துக்கொண்ட சங்கீதம் நாதஸ்வரத்திலோ வீணையிலோ பிறப்பதன்று. அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் திருவிழா இரவுகளில் மேடையேறும் இன்னிசைக் குழுவில், கீபோர்டு வாசிப்பவரின் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருக்கும் மடிக்கணினியினுள் பிறப்பது.

முன்பெல்லாம் வயலின்காரர் நால்வரும், புல்லாங்குழல்காரர் ஒருவரும், தபலா, டோலக், பாங்கோஸ் முதலியவற்றுக்குத் தனித்தனி ஆட்களும் வேனில் ஏறிவந்த இடத்துக்கு, இப்பொழுது இருவரோ மூவரோ வந்து, மற்ற வாத்தியங்களையெல்லாம் சின்தசைஸர் மென்பொருளினின்றும் எழுப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்டவுடன், தீபாராதனை வேளையில் ஸ்விட்சைத் தட்டியதும் மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்ளுமாறு பல கோயில்களில் பொருத்தியிருக்கும் மின்சார மேளத்தை வாசகர் நினைத்துக்கொள்ளக்கூடும். அந்த மேளத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மேளத்தில் இருப்பது ஒரு மோட்டார். அது எத்தனை வருஷம் ஓடினாலும் அதே அடியைத்தான் அடிக்கும். சின்தசைஸரில் இருப்பது கணிதம். விரல் அழுந்திய க்ஷணத்தில், அழுந்திய விசைக்கேற்ப, அதுவரை உலகில் இல்லாத ஓர் ஒலியை அது கணக்கிட்டு உண்டாக்குகிறது.

அந்தக் கணிதத்தைச் செய்கிற சிப் அண்மைக் காலத்தில் மாறிவிட்டது என்பதும், மாறியதனால் பழைய சின்தசைஸர்கள் சில வாய் மூடிக்கொண்டன என்பதும், சில வாய் திறந்தும் நடுநடுவே 'பட், பட்' என்று வெடிக்கின்றன என்பதும்தான் விஷயம். புதிய மடிக்கணினி வாங்கிய கீபோர்டு கலைஞர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. காரணம் என்னவென்று கேட்டால், "பிளகின் நேட்டிவ் இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கியிருப்பதை விரித்துச் சொல்வதே என் நோக்கம்.

ஒலியென்பது காற்றில் எழும் அலை; அந்த அலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக எழுதிக்கொண்டால், அந்த எண் வரிசையிலிருந்து ஒலியை மறுபடி எழுப்பிவிடலாம் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அளக்காமலே எண்களை எழுதினால் என்ன? அதாவது, எந்த வாத்தியத்தையும் மீட்டாமல், கணக்குப் போட்டே அந்த வரிசையை உண்டாக்கினால் என்ன? 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் ஐபிஎம் 704 என்னும் பெரிய யந்திரத்தில் செய்தது இதுவே. அக்காலத்தில் எண்களை முதலில் கணக்கிட்டு நாடாவில் பதிந்துகொண்டு, பிறகுதான் ஒலியாக மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. மேடையில் வாசிப்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கணக்கும் கேட்பும் கூடவே நடந்தாக வேண்டும்.

தம்புராவையே எடுத்துக்கொள்வோம். 1 கட்டைச் சுருதியில் அதன் சாரணித் தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 131 முறை அதிர்வதாகக் கொண்டால், விநாடிக்கு 48,000 எண்கள் என்ற விகிதத்தில், ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 366 எண்கள் ஆகின்றன. ஞாபகத்தில் 366 இடங்களை ஒதுக்கி, அவற்றில் மனம்போன எண்களை இட்டு நிரப்புக. இதுவே தந்தியை மீட்டிய க்ஷணம். பிறகு முதல் இடத்து எண்ணை ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிட்டு, அதற்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரி எடுத்து அந்தச் சராசரியை வரிசையின் கடைசியில் சேர்க்க. இப்படியே சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டு போக. சராசரி எடுக்குந்தோறும் கரடுமுரடான உயர் அதிர்வுகள் முதலில் தேய்ந்து, மெல்லிய அடிநாதம் மட்டும் நெடுநேரம் நின்று மறைகிறது. கேட்பவர் காதுக்கு அது தந்தி மீட்டிய ஓசையாகவே இருக்கிறது! 1983-இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸாண்டர் ஸ்ட்ராங் என்னும் இருவர் வெளியிட்ட இந்த முறை, சின்தசைஸர் சாஸ்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான ஒன்று. ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலுமாகத் தந்தியின் பௌதிகம் அடங்கிவிடுகிற எளிமை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

ஆனால் இந்த எளிமையில் கிடைப்பது கிதார், அல்லது ஹார்ப், தம்புரா அன்று. ஏனென்று அறிய, கீழப்பழுவூருக்குத் தென்மேற்கே காவிரிக் கரைத் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனிடம் போகவேண்டும். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1921-இல், அவர் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அடிநாதத்தோடு கூட எழும் உயர் அதிர்வுகளாகிய உபஸ்வரங்களில் அந்தப் புள்ளியில் அசையாதிருக்க வேண்டியவை அந்த ஒலியில் இராவென்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. நம்முடைய இவ்விரு வாத்தியங்களிலும் அவ்விதி பொய்த்து, இருக்கக்கூடாத உபஸ்வரங்கள் கணீரென்று ஒலிப்பதை ராமன் எடுத்துக்காட்டி, அதற்குக் காரணம் தந்தியைத் தாங்கும் குதிரையின் வளைந்த மேற்பரப்பே என்றார். தம்புராவில் அந்த வளைவின்மேல் தந்திக்கடியில் 'ஜீவா' என்னும் நூலைச் செருகி, மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் மலரும் இடத்தில் நிறுத்துகிறார்கள் அல்லவா? அந்நூல் செய்வது இதுதான்: தந்தி ஒவ்வோர் அதிர்விலும் குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது, தொடுந்தோறும் அதன் நீளம் கணப்போதுக்குக் குறைகிறது, அடிநாதத்தில் உள்ள சக்தி சிறிது சிறிதாக உயர் உபஸ்வரங்களுக்குப் பாய்கிறது. ஆகவே மீட்டிய பின்பு ஒலி மங்குவதற்குப் பதிலாக விரிகிறது. இதைக் கணக்கில் கொண்டுவர, வெறும் சராசரி போதாது. 48,000-இல் ஒரு பங்கு விநாடிக்கு ஒருமுறை, தந்தி எங்கே இருக்கிறது, குதிரையைத் தொட்டதா இல்லையா, தொட்டால் எவ்வளவு தள்ளப்பட்டது என்றெல்லாம் கணித்தாக வேண்டும்.

கமகம் வந்துவிட்டால் தொல்லை இன்னும் பெரிது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைகிறது. அசைவது என்றால், அந்த 366 என்னும் எண்ணிக்கை நிமிஷந்தோறும் அன்று, க்ஷணந்தோறும் பின்னமாக மாறவேண்டும். கர்நாடக சங்கீத ஸ்வரக் குறிப்பை எழுத்தாக இட்டால் கமகங்களோடு வாசித்துக் காட்டும் 'காயகா' என்னும் விண்டோஸ் மென்பொருளை எம். சுப்பிரமணியன் என்னும் ஆராய்ச்சியாளர் ஆக்கினார். பெரிய கம்பெனிகளின் சின்தசைஸர்களில் கீபோர்டின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளுக்கு இடையே விழுந்து காணாமற்போகும் நம் ஸ்வரங்களுக்காகத் தனிமனிதர் செய்த இத்தகைய பணிகள் போற்றத்தக்கவை. இவற்றின் கதி என்னாகும் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இனி காலக் கெடுவைப் பற்றி. கணிப்பொறி எண்களை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. கொத்துக் கொத்தாக அனுப்புகிறது. 128 எண்கள் ஒரு கொத்து என்று வைத்தால், அது ஒலித்து முடிய 2.67 மில்லிவிநாடி ஆகும்; அதற்குள் அடுத்த கொத்து ஆயத்தமாக இருந்தாக வேண்டும். இல்லாவிடில் ஒலிபெருக்கிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அலை அறுந்து, மேற்சொன்ன 'பட்' என்னும் வெடிப்பு எழும். கொத்தைப் பெரிதாக்கிவிட்டால் அவகாசம் கூடும். ஆனால் விரல் அழுந்துவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடிகள் சென்றாலே, கை தேர்ந்தவர், "லேட்டன்சி அடிக்கிறது" என்று முகம் சுளிப்பார். பதினாறு ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்க, ஒவ்வோர் எண்ணுக்கும் நூறு கணக்குகள் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், ஒரேயொரு வாத்தியத்துக்கே விநாடிக்கு 7 கோடியே 68 லட்சம் கணக்குகள் ஆகின்றன. தொகை பெரிதென்றாலும் இக்காலத்துச் சிப்புக்கு அது பொருட்டன்று. ஒரு கொத்தும் தாமதிக்கலாகாது என்னும் கண்டிப்புத்தான் பொருட்டு. கடிதம் எழுதும் மென்பொருள் அரை விநாடி தயங்கினால் எவரும் கவனியார். சங்கீதத்தில் கவனியாதவர் இல்லை.

சிப்புகளுக்கு ஒவ்வொரு பாஷை உண்டு. கூட்டு, பெருக்கு, இந்த எண்ணை அங்கே வை என்பன போன்ற ஆணைகளை எந்தெந்த எண்களால் குறிப்பது என்பதில் ஒரு குலத்துச் சிப் மற்றொரு குலத்துச் சிப்போடு ஒத்துப்போவதில்லை. 1978-இல் வெளிவந்த 8086 முதல் தொடர்ந்துவரும் இன்டெல் குலத்தில் ஓர் ஆணை ஒரு பைட் நீளமும் இருக்கலாம், பதினைந்து பைட் நீளமும் இருக்கலாம். 1985-இல் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனியில் பிறந்த ஆர்ம் குலத்தின் இன்றைய 64-பிட் சிப்பில் ஒவ்வோர் ஆணையும் சரியாக நான்கு பைட்தான். நெடுங்காலம் மேஜைக் கணினிகளும் மடிக்கணினிகளும் இன்டெல் பாஷையையே பேசின. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிவந்த விலையில்லா மடிக்கணினிகளும் அவ்வகையே. செல்போன்களோ ஆர்ம் பாஷையைப் பேசின. 2020 ஜூனில் ஆப்பிள் கம்பெனி தன் கணினிகளையும் ஆர்ம் குலத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்து, நவம்பரில் எம்1 என்னும் சிப்பை வெளியிட்டது. 2024 முதல் விண்டோஸ் மடிக்கணினிகளிலும் குவால்காமின் ஆர்ம் சிப்புகள் பரவலாக வரத் தொடங்கின.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை சிறிதன்று. சித்திரை மாதத்துப் பந்தலின் கீழ், பகல் முழுதும் காய்ந்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் மண்ணின் வெப்பம் இரவிலும் அடங்காத மேடையில், பழைய மடிக்கணினி சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்த க்ஷணமே வெடிப்புத் தொடங்கும். புதிய சிப் அதே கணக்கைக் குறைந்த மின்சாரத்தில், குறைந்த சூட்டில் செய்கிறது. எம்1 ஏர் மடிக்கணினியில் விசிறியே கிடையாது, ஆகவே ஒலிப்பதிவு அறையில் இரைச்சலும் கிடையாது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்களைக் குறைகூற இயலாது.

ஆனால் பழைய மென்பொருளை என்ன செய்வது? ஆப்பிள் ரோசெட்டா 2 என்னும் மொழிபெயர்ப்பாளரைக் கூடவே கொடுத்தது. தில்லியிலிருந்து வந்த தலைவர் ஹிந்தியில் முழங்க, பக்கத்தில் நின்றவர் ஒரு வாக்கியம் பின்தங்கித் தமிழில் சொல்வதைப் பொதுக்கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். பேச்சுக்கு அது போதும், அவரே பாட ஆரம்பித்துவிட்டால் போதாது. ரோசெட்டா இந்தச் சங்கடத்தை உணர்ந்து, மென்பொருளின் பெரும்பகுதியை ஓடுவதற்கு முன்பே ஒரேயடியாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் திறமையை நான் மனமாரப் பாராட்டுவேன். பெரும்பாலோர் மொழிபெயர்ப்பு நடப்பதையே அறியமாட்டார்கள். என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் ஆணைகளைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளும் சின்தசைஸர்கள் சில உண்டு. அவற்றை முன்கூட்டி மொழிபெயர்க்க முடியாது, அவ்வப்போதுதான் செய்ய வேண்டும். அவ்வப்போது என்றால், அந்த 2.67 மில்லிவிநாடிக்கு நடுவே.

மற்றொரு சிக்கல், சின்தசைஸர் தனித்து வாழ்வதில்லை என்பது. க்யூபேஸ், லாஜிக், எஃப்.எல். ஸ்டுடியோ போன்ற ஒரு தாய் மென்பொருளுக்குள் பிளகினாக அது போய் உட்காருகிறது; ஒரே இடத்தில் ஓடும் இரண்டும் ஒரே பாஷையைப் பேசியாக வேண்டும். தாய் மென்பொருள் ஆர்முக்கு மாறிவிட்டு, வீணைப் பிளகின் இன்டெலிலேயே நின்றுவிட்டால், இரண்டும் கலவா. தாயையும் சேர்த்து மொழிபெயர்ப்பில் ஓட்டலாம். அப்பொழுது ஒரு பழைய வீணைக்காக முப்பது புதிய வாத்தியங்களும் வேகத்தை இழக்கும். அல்லது, லாஜிக் செய்வதைப் போல, பழைய பிளகினை வேறோர் அறையில் தனியே ஓடவிட்டு எண்களை இங்கும் அங்கும் கைமாற்றலாம். கைமாற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது காலம் கழியும். விண்டோஸிலோ, மைக்ரோஸாஃப்ட் இரு பாஷைகளும் ஒரே வீட்டில் வாழத்தக்க கலப்பு ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கிறது. ஆயினும் ஒலி உள்ளே வந்து வெளியே போகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் மட்டும் எந்த மொழிபெயர்ப்புக்கும் இசையாது. அதைச் செய்த கம்பெனியே ஆர்முக்கென்று எழுதித் தந்தாலொழிய, அந்தப் பெட்டியை மூட்டை கட்டி வைக்கவேண்டியதுதான்.

சரி, மூலநிரலை எடுத்து ஆர்முக்கு மறுபடி கம்பைல் செய்துவிட்டால் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். பல மென்பொருள்களுக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் வேலை. சின்தசைஸருக்கு அப்படியில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

நேரத்துக்கு அஞ்சிய நிரலாளர்கள், நான்கு எண்களை ஒரே ஆணையில் கூட்டிப் பெருக்கும் எஸ்எஸ்இ என்னும் இன்டெலின் விசேஷ ஆணைகளைத் தம் கையாலேயே எழுதிவைத்தார்கள். பிறகு எட்டு எண்களை ஒருங்கே கையாளும் ஏவிஎக்ஸும் வந்தது. ஆர்மில் அந்த வேலையைச் செய்வது நியான். அது நான்கு நான்காகத்தான் எடுக்கும். பெயரும் வேறு, பழக்கமும் வேறு; வரிவரியாக மாற்ற வேண்டும். ரோசெட்டாவே ஏவிஎக்ஸைப் புரிந்துகொள்ள 2024 வரை ஆயிற்று.

இரண்டாவது காரணம் விசித்திரமானது. தம்புராவின் நாதம் தேய்ந்து தேய்ந்து, எண்கள் மிக நுண்ணியவையாகி, தசமப் புள்ளிக்குப் பின் 37 பூஜ்யங்களுக்கும் அப்பால் போய்விட்டால், சில சிப்புகள் அந்த நுண்ணிய எண்ணைத் தனிக் கவனத்தோடு கையாளப் புகுந்து பன்மடங்கு நேரத்தை விழுங்கிவிடும். ஒலி கேட்கும்போது ஒழுங்காக ஓடிய மென்பொருள், ஒலி அடங்கி மௌனம் வந்த பிறகு திக்குமுக்காடும்! இதற்கு மருந்து, 'மிகச் சிறியதைப் பூஜ்யமாகவே கொள்க' என்று சிப்புக்கு முன்னதாகச் சொல்லி வைப்பது. அதைச் சொல்லும் இடம் இன்டெலில் ஒன்று, ஆர்மில் வேறொன்று. பழைய இடத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் புதிய இடத்தை மறந்தவர்களின் மென்பொருள், சோதனையில் தேறி மேடையில் தோற்கும்.

மூன்றாவதே மிகச் சூட்சுமமானது. சின்தசைஸருக்குள் இரண்டு வேலைகள் இணையாக நடக்கின்றன: ஒன்று ஒலியைக் கணிப்பது; மற்றொன்று, திரையில் குமிழைத் திருப்பும் கையைக் கவனிப்பது. கையைக் கவனிப்பது புதிய மதிப்பை ஞாபகத்தில் எழுதிவிட்டு, 'எழுதியாயிற்று' என்று ஒரு கொடியைத் தூக்கும். இன்டெல் சிப்பில், மதிப்பு எழுதப்படுமுன் கொடி மற்ற வேலையின் கண்ணில் படாது என்பது உத்தரவாதம். ஆர்மில் அந்த உத்தரவாதம் இல்லை, வேண்டுமென்றால் நிரலாளரே கேட்டுப் பெறவேண்டும். கேட்காமலே இருபது வருஷம் இன்டெலில் பிழைத்த நிரல், ஆர்மில் ஆயிரத்தில் ஒருமுறை பழைய மதிப்பையோ பாதி மதிப்பையோ படித்து அலறிவிடும். இதிலுள்ள வேடிக்கை என்னவெனில், ஆப்பிள் தன் சிப்பிலேயே இன்டெலின் முறைப்படி நடக்கும் ஒரு நிலையை அமைத்து, மொழிபெயர்ப்பில் ஓடுகிறவற்றுக்கு மட்டும் அதை அளித்தது. ஆகவே அதே மென்பொருள் மொழிபெயர்ப்பில் பிழையின்றிப் பாடி, சொந்த பாஷைக்கு மாறிய பிறகே தடுமாறக்கூடும். "நேட்டிவ் ஆக்கிவிட்டோம்" என்று விளம்பரம் செய்த முதல் வாரத்தில் வாங்காமல், சில மாதம் பொறுத்து வாங்குவது விவேகம் என்று நான் சொல்வது இதனாலேதான்.

சிப் மாறுவது நம் இசையுலகுக்குப் புதிதன்று. 1986-இல் கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் என்னும் இசைக் கணினியைப் பயன்படுத்தியது தமிழ்த் திரையிசையில் ஒரு மைல்கல். அதனுள் இருந்தது இஸட்80 என்னும் எட்டு-பிட் சிப். அதனோடு ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் ஒலி எழுப்பும் தனிப் பகுதியும் இருந்தது. ஆப்பிளோ தன் மேக் கணினிகளில் 1984-இல் மோட்டரோலா 68000, 1994-இல் பவர்பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் ஆர்ம் என்று நான்கு பாஷைகளைப் பேசிவிட்டது. பவர்பிசியினின்றும் மொழிபெயர்த்துவந்த முதல் ரோசெட்டாவை 2011-இல் நீக்கியது. 32-பிட் மென்பொருள்களை 2019-இல் கைவிட்டது. இப்போதைய ரோசெட்டாவும் மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு முழு அளவில் இராதென்று 2025-இல் அறிவித்திருக்கிறது. அக்காலங்களில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவான பாடல்கள் இன்றும் நமக்குக் கேட்கின்றனவென்றால், அவை நாடாவிலும் தட்டிலும் ஒலியாகப் பதியப்பட்டதே காரணம்.

மென்பொருள் பிழைத்திருப்பதற்கு ஒரு வழிதான் உறுதியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. க்லேஸ் யோஹான்ஸன் என்பவர் தாம் விற்றுவந்த 'ஸர்ஜ்' என்னும் சின்தசைஸரின் மூலநிரலை 2018-இல் பொதுவுடைமையாக்கினார். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் அதை எடுத்துத் திருத்தி ஆர்முக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாரி வெர்கோ எம்ஐடியில் 1980-களில் எழுதிய 'ஸீசவுண்ட்', எத்தனையோ சிப் குலங்களைக் கடந்து இன்று ராஸ்பெரி பை என்னும் சின்னஞ்சிறு ஆர்ம் பலகையிலும் ஓடுகிறது. மூலநிரலைப் பெட்டிக்குள் பூட்டிய கம்பெனி மூடப்பட்டால், அதன் வாத்தியம் அந்தச் சிப்போடு உடன்கட்டை ஏறுகிறது. கமகத்துக்கென்று பாடுபட்டு மென்பொருள் ஆக்கும் நம்மவர்கள், விற்பதானால் விற்கட்டும். விற்பனை ஓய்ந்த பிறகாவது நிரலை வெளியிட்டுவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்வேன்.

அடுத்த மாற்றம் நம் மாநிலத்திலேயே தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்னும் சிப் பாஷையை எவரும் உரிமத் தொகையின்றிக் கையாளலாம். அதைக் கொண்டு சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்னும் செயலிகளை வகுத்து, 2018-இல் சிப்பாகவும் செய்து காட்டினார்கள்; அவற்றில் ஒன்று சண்டிகரிலுள்ள நம் நாட்டுத் தொழிற்கூடத்திலேயே வார்க்கப்பட்டது. இந்தப் பாஷையில் எண்களைக் கொத்தாகக் கையாளும் ஆணைகளுக்கு நான்கு, எட்டு என்ற நிர்ணயமே இல்லை. எத்தனை எண்களை ஒருங்கே எடுப்பதென்று ஒவ்வொரு சிப்பும் தானே சொல்லும். நான்கு நான்காக எழுதிப் பழகிய சின்தசைஸர் நிரலாளர்கள் மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சக்தியின் சிறிய வகைகள் மேடை இசைக்குப் போதா. ஆனால் ஒரு தம்புராவுக்குப் போதும் என்று நினைக்கிறேன். பெங்களூரின் ராடெல் நிறுவனம் பிரபலமாக்கிய மின்னணுத் தம்புராப் பெட்டி இல்லாத பாட்டு வகுப்பு இன்று அபூர்வம். மேலே சொன்ன கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையில் தம்புராவின் நான்கு தந்திகளுக்கும் சேர்த்து ஞாபகத்தில் வேண்டிய இடம் 2,000 எண்களுக்கும் குறைவு: சாரணிகள் இரண்டுக்கும் 366 வீதம், பஞ்சமத்துக்கு 490 அளவில், மந்தரத்துக்கு 733 அளவில். அதன்மேல் ராமன் கண்ட குதிரை வளைவையும் ஜீவாவையும் கணக்கில் சேர்ப்பதே நிரலாளரின் கெட்டிக்காரத்தனம். கீழப்பழுவூர் அரசு பாலிடெக்னிக்கிலும், இந்த வட்டாரத்துக் கல்லூரிகளிலும் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுப் ப்ராஜெக்டுக்கு விஷயம் தேடும்போது இதை எடுத்துக்கொள்ளலாம். சக்தியின் வடிவமைப்பு பொதுவில் கிடைக்கிறது. சிப் வார்க்க வேண்டியதில்லை, வடிவமைப்புக்கேற்பத் தன் உள்ளிணைப்புகளை மாற்றிக்கொள்ளும் சிறிய எஃப்பிஜிஏ பலகை ஒன்றில் ஏற்றியே ஓட்டிப் பார்க்கலாம். உரிமத் தொகையாக எவருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.